தாத்தாவின் 43 தட்டுகளும் காணாமல் போன ஒரு நிமிஷமும்

போன சித்திரையில் அம்மாச்சி வீட்டு டிவிடி பிளேயர் மண்டையைப் போட்டது. கழட்டிப் பார்த்த கடைக்காரர், "லென்ஸ் போயிருச்சு தம்பி, இதுக்கெல்லாம் இப்ப யாரு பார்ட்ஸ் விக்கிறா?" என்று சொல்லி, வந்த மஞ்சப்பையிலேயே திருப்பிப் போட்டுக் கொடுத்துவிட்டார். அம்மாச்சி கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏஞ்சாமி, நீதான் காலேஜுல கம்ப்யூட்டரு படிக்கிறேல்ல. இதையெல்லாம் அந்தக் குச்சியில ஏத்திக் குடுத்துரு" என்றது. குச்சி என்றால் பென் டிரைவ். நான் படிப்பது பி.காம். எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் டேலி மட்டும்தான். அதை அம்மாச்சியிடம் சொல்ல முடியுமா? "சரி அம்மாச்சி" என்று வாங்கி வந்துவிட்டேன்.

பெட்டியைத் திறந்தால் 43 தட்டுகள். 29 விசிடி, 12 படத்து டிவிடி, மீதி இரண்டும் 2007-ல் திருக்கடையூரில் நடந்த தாத்தா அம்மாச்சி அறுபதாம் கல்யாண டிவிடி. 2000களின் பிற்பகுதியில் மோசர் பேர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விலையை அடித்து இறக்கியபோது, தாத்தா பஸ் ஸ்டாண்டு பக்கம் போகும்போதெல்லாம் ஒன்று வாங்கி வந்துவிடுவாராம். (அந்த நிறுவனமே 2018-ல் கலைப்புக்குப் போய்விட்டது.) ஒவ்வொரு கவரிலும் நம்பர் போட்டு, வாங்கிய தேதி எழுதி வைத்திருக்கிறார். தாத்தா போனது 2016-ல்.

"எல்லாப் படமும் யூடியூப்ல கிடக்கு, எதுக்குடா இந்த வேலை?" என்றார் அப்பா. நியாயமான கேள்விதான். ஆனால் அம்மாச்சிக்கு வேண்டியது படம் மட்டும் இல்லை. தாத்தா போட்ட நம்பர் வரிசையில் படம். அதுவும் நடுவில் சோப்பு விளம்பரம் வராத படம்.

ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஐந்து வாரம் ஆனது. அவ்வ்வ்வ்... பட்ட பாட்டை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால் உதவும்.

சிக்கல் 1: டிரைவே தெரியவில்லை

என் லேப்டாப்பில் தட்டு போட ஓட்டையே கிடையாது. 1,300 ரூபாய்க்கு வெளியில் மாட்டும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கினேன். மாட்டினால் 'டக் டக்' என்று சத்தம், தட்டு கொஞ்சம் சுற்றும், உடனே டிரைவ் திரையிலிருந்தே காணாமல் போகும். தட்டில்தான் கோளாறு என்று நினைத்து அரைநாள் துடைத்துக்கொண்டே இருந்தேன். கோளாறு கரண்டில். மவுஸ், கீபோர்டு எல்லாம் மாட்டிய யூஎஸ்பி ஹப்பில் இதையும் சேர்த்துச் சொருகியிருந்தேன். யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று கணக்குப்படி கொடுப்பது 500 மில்லி ஆம்பியர். தட்டைச் சுழற்றிக் கிளப்பும் நேரத்தில் மோட்டாருக்கு அது பற்றாது, ஹப்பில் பங்கு வேறு போகும். நேராக லேப்டாப்பில் சொருகி, வயரில் இருந்த இரண்டாவது பின்னையும் இன்னொரு போர்ட்டில் மாட்டியதும் சாதுவாக ஓட ஆரம்பித்தது. தட்டைக் குறை சொல்வதற்கு முன்னால் கரண்டைப் பாருங்கள்.

சிக்கல் 2: டிவியில் ஓடிய விசிடி கம்ப்யூட்டரில் ஓடவில்லை

இதுதான் என்னை ரொம்பக் குழப்பியது. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம். ஒரு விசிடியில் 74 நிமிஷம், மிஞ்சினால் 80 நிமிஷம்தான் பிடிக்கும், அதனால் மூன்று தட்டு. பிளேயர் உயிரோடு இருந்தவரை மூன்றும் ஓடின, அங்கங்கே லேசாக வெட்டும், அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் காப்பி போட்டால் முதல் தட்டே பாதியில் நின்று 'எரர்' என்கிறது.

காரணம் தெரிந்தபோது நிஜமாகவே ஆச்சரியப்பட்டேன். சிடியில் தகவல் சின்னச் சின்னக் கட்டங்களாக எழுதப்பட்டிருக்கும். ஒரு கட்டத்துக்கு 2352 பைட். சாதாரண டேட்டா சிடியில் அதில் 2048 பைட்தான் சரக்கு. மீதியில் பெரும்பகுதி, கீறல் விழுந்தால் கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்வதற்கான காப்பு. விசிடியில் படத்துக்கு இடம் போதவில்லை என்று அந்தக் கூடுதல் காப்பைத் தூக்கிவிட்டு 2324 பைட் வரை படத்தையே ரொப்பினார்கள். நிறைய லாபம், கையில் ரிசர்வ் இல்லை! ஒரு கட்டம் போனால் போனதுதான். பிளேயர் அதைக் கண்டுகொள்ளாது, ஒரு துள்ளு துள்ளி அடுத்த காட்சிக்குப் போய்விடும். கம்ப்யூட்டரோ காப்பி என்றால் ஒரு எழுத்துகூடக் குறையக்கூடாது என்று நினைக்கும். ஒரு கட்டம் படிக்கவில்லை என்றால் மொத்த வேலையையும் நிறுத்திவிடும்.

ஆக, சாதாரண காப்பி பேஸ்ட் இதற்கு ஆகாது. படிக்க முடியாத கட்டத்தை வெற்றாக நிரப்பிவிட்டு மேலே போகும் புரோகிராம் வேண்டும். ஐசோபஸ்டர் அதைச் செய்கிறது. இன்னொன்று, விசிடிக்குள் படம் '.டாட்' என்று முடியும் ஃபைலாக இருக்கும். பெயரை '.எம்பிஜி' என்று மாற்றினால் போதும் என்று பலர் சொல்வார்கள். விஎல்சியில் ஓடும்தான், எங்கள் டிவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஃபைலிலிருந்து வீடியோவை மட்டும் பிரித்தெடுத்த பிறகுதான் ஓடியது. அதையும் ஐசோபஸ்டரே செய்யும்.

சிக்கல் 3: டிவிடியும் ஏரியா பிரச்சினையும்

டிவிடிக்குள் படம் ஒரே ஃபைலாக இருக்காது. அதிகபட்சம் ஒரு ஜிபி என்று துண்டு துண்டாக 'விஓபி' ஃபைல்கள். அப்படியே இழுத்துப் போட்டால் சில படங்கள் பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. அவை பூட்டுப் போட்ட தட்டுகள். மேக்எம்கேவி மாதிரியான புரோகிராம் துண்டுகளை எல்லாம் சேர்த்து ஒரே படமாக எடுத்துத் தரும். (சட்டம் பற்றி டிஸ்கியில் பார்க்க.)

சிங்கப்பூர் மாமா வாங்கி வந்த ஒரு கார்ட்டூன் டிவிடியைப் போட்டதும், "ரீஜனை மாற்றவா?" என்று ஒரு பெட்டி வந்தது. பழக்க தோஷத்தில் ஓகே அமுக்கப் போனேன். நல்லவேளை, கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். டிவிடிக்கு உலகத்தை ஏரியா பிரித்திருக்கிறார்கள். இந்தியா 5, சிங்கப்பூர் 3. டிரைவில் இந்த ஏரியாவை ஐந்து தடவைதான் மாற்ற முடியும். கடைசியாக எதில் நிற்கிறதோ அதிலேயே பூட்டிக்கொள்ளும். அந்தத் தட்டை அப்படியே உறையில் போட்டுவிட்டேன். அந்தக் கார்ட்டூனை யாரும் கேட்கவும் இல்லை.

சிக்கல் 4: காலி பென் டிரைவில் இடமில்லையாம்

32 ஜிபி பென் டிரைவ், உள்ளே ஒன்றுமே இல்லை. 5 ஜிபி படத்தைப் போட்டால் "ஃபைல் ரொம்பப் பெரிது" என்கிறது. ஙே என்று முழித்தேன். ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் ஏறிவிடும், ஆனால் அம்மாச்சி வீட்டு டிவிக்கு ஃபேட் 32 தவிர எதுவும் தெரியாது. கடைசியில் ஹேண்ட்பிரேக்கில் படத்தைச் சுருக்கினேன். அதில் 'டீஇன்டர்லேஸ்' என்று ஒன்று இருக்கிறது, தேவைப்படும் படத்துக்கு மறக்காமல் போடுங்கள். நான் மறந்ததில் நடனக் காட்சியில் கை அசையும்போதெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரிந்தது.

இப்படியே நாலு வாரத்தில் 40 தட்டை முடித்துவிட்டேன். சிங்கப்பூர் தட்டு கணக்கில் இல்லை. தாத்தாவின் நம்பர் வரிசைப்படிதான் போனேன். கல்யாண டிவிடி இரண்டும் கடைசி, 42, 43.

சிக்கல் 5: நம்பர் 43

42 ஒழுங்காக ஏறியது. 43 ஏறக்குறைய எழுபது சதவீதத்தில் நின்றது. திரும்பப் போட்டேன், அதே இடம். பதினொரு தடவை போட்டேன், எப்போதும் அதே அக்கம்பக்கம்.

கடையில் வாங்கும் படத்து டிவிடி அச்சில் அழுத்திச் செய்தது. ஸ்டூடியோக்காரர் எழுதிக் கொடுப்பது அப்படி இல்லை. அதற்குள் ஒரு சாயப் பூச்சு இருக்கும், அதை லேசரால் சுட்டுத்தான் படம் பதிவாகிறது. வெயிலும் சூடும் பட்டால் அந்தச் சாயம் கெடும். இந்தத் தட்டு இருந்தது டிவிக்கு மேலே கண்ணாடி ஷோகேஸில், சாயங்கால வெயில் நேராக விழும் இடம். போதாக்குறைக்கு மேலே தாத்தா அம்மாச்சி மாலையோடு நிற்கும் போட்டோவை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தார்கள். அதன் ஓரம் சுருங்கித் தூக்கிக்கொண்டு நின்றது. டிவிடி உள்ளே மையத்திலிருந்து வெளி ஓரத்தை நோக்கிப் படிக்கப்படும். அதனால் ஓரம் கெட்டால் வீடியோவின் பின்பகுதி போகும்.

முதலில் செய்த முட்டாள்தனம்: பேஸ்ட் வைத்துத் தேய்த்தால் சரியாகும் என்று எங்கோ படித்து, நல்ல வேளையாக உதவாத ஒரு தட்டில் தேய்த்துப் பார்த்தேன். புதுக் கீறல்தான் மிச்சம். மேலே கீறல் இருந்தால் மெருகேற்றலாம். உள்ளே சாயம் போனதற்கு வெளியே தேய்த்து என்ன பிரயோஜனம்? துடைப்பதாக இருந்தால் மெத்தென்ற துணியால் நடு ஓட்டையிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். தகவல் வட்டப் பாதையில்தான் இருக்கிறது. குறுக்கே விழும் கீறலில் கொஞ்சம் கொஞ்சம்தான் போகும், டிரைவ் சமாளித்துவிடும். வட்டமாக விழுந்தால் ஒரே இடத்தில் நீளமாகப் போய்விடும்.

காப்பாற்றியது கிளாஸ் நண்பன் ஒருவன். "மாப்ள, மொதல்ல அதப் போட்டுப் போட்டு எடுக்கிறத நிறுத்து" என்று லினக்ஸில் 'டிடிரெஸ்க்யூ' என்ற புரோகிராமைக் காட்டினான். அது அடம்பிடிக்கும் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. முதலில் சுலபமாக வருவதை எல்லாம் அள்ளிக்கொள்ளும், கெட்ட இடங்களை ஒரு கணக்குப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளும், பிறகு திரும்பி வந்து அவற்றை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். என் டிரைவில் ஒரு ராத்திரி ஓடியதில் 212 எம்பி வரவில்லை. அந்தக் கணக்குப் புத்தகத்தோடு அதே தட்டை அவன் வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பில் போட்டோம். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும், அது நிஜம். இன்னொரு ராத்திரி. காலையில் பார்த்தால் மீதி 38 எம்பி. அதற்கு மேல் அசையவில்லை.

38 எம்பி என்றால் அந்தத் தட்டில் ஏறக்குறைய ஒரு நிமிஷம்.

அது எந்த நிமிஷம் என்று போட்டுப் பார்த்தேன். கோயிலில் சடங்கு முடிந்ததும் எல்லோரும் வேனில் தரங்கம்பாடி போயிருக்கிறோம். பின்னால் டேனிஷ் கோட்டை, முன்னால் கடல். தாத்தா பட்டு வேட்டியோடு குனிந்து மூன்று வயது என்னைத் தூக்குகிறார். தோளுக்கு வருவதற்குள் படம் உறைந்து பச்சைக் கட்டங்களாகிவிடுகிறது. திரும்பத் தெளியும்போது எல்லோரும் வேனில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். தாத்தாவும் நானும் சேர்ந்து இருக்கும் வீடியோ எங்கள் குடும்பத்திலேயே அது ஒன்றுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே அம்மா சொன்னார், "அந்தக் கல்யாண டிவிடி சிக்கிச் சிக்கி ஓடுதுடா, காப்பி போட்டு வையி" என்று. "செமஸ்டர் லீவுல பாக்கிறேம்மா" என்றேன். நாலு செமஸ்டர் லீவு போய்விட்டது.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஏபிசி அனாலிசிஸ் என்று ஒரு பாடம் உண்டு. சரக்கில் எண்ணிக்கை கொஞ்சம், மதிப்பு அதிகம் என்பதெல்லாம் ஏ வகுப்பு, முதல் கவனம் அதற்கு. பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். வீட்டில் என்ன செய்தேன்? நினைத்தால் கடையில் திரும்ப வாங்கக்கூடிய, யூடியூபில் கிடக்கிற படங்களை நாலு வாரம் உட்கார்ந்து ஏற்றினேன். உலகத்திலேயே ஒரு காப்பி மட்டும் இருந்ததைக் கடைசியில் வைத்தேன். நாலு வாரம் முன்னால் எடுத்திருந்தால் அந்த நிமிஷம் வந்திருக்குமா என்று தெரியாது. இரண்டு வருஷம் முன்னால் எடுத்திருந்தால் வந்திருக்கலாம்.

பென் டிரைவை டிவியில் சொருகி அம்மாச்சிக்குப் போட்டுக் காட்டினேன். பச்சைக் கட்டம் வந்ததும், "இந்த எடம் மட்டும் வரல அம்மாச்சி" என்றேன், கொஞ்சம் பயத்தோடு. அம்மாச்சி டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னது: "அதுல என்ன இருக்கு, நாஞ் சொல்றேன் கேளு. ஒன்னத் தோள்ல தூக்கிக் கடலக் காட்டுனாரு. நீ அலையப் பாத்து மெரண்டு அவரு பட்டு வேட்டியெல்லாம் நனைச்சுப்புட்ட. கேமராக்காரன் சிரிக்கிறான். இவரு, 'எம் பேரன் எனக்கு அபிசேகம் பண்ணிட்டான்'னு சொல்லி அவரும் சிரிக்கிறாரு."

அடுத்த தடவை போனபோது அதைத் திரும்பச் சொல்லச் சொல்லி போனில் பதிந்துகொண்டேன். இந்த முறை வந்த அன்றே இரண்டு இடத்தில் காப்பி போட்டேன், கடைசி வரை ஓட்டியும் பார்த்துவிட்டேன். ஓடுகிறது.

உங்கள் வீட்டுப் பெட்டியில் ஸ்டூடியோக்காரர் கையால் பெயர் எழுதிக் கொடுத்த தட்டு எது என்று இன்றைக்குப் போய்ப் பாருங்கள். சினிமாவெல்லாம் அப்புறம்.

டிஸ்கி: காசு கொடுத்து வாங்கிய சொந்தத் தட்டு, சொந்த வீட்டு டிவி என்பதற்கு மட்டும்தான் மேலே சொன்னதெல்லாம். நம் காப்புரிமைச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு சொந்த உபயோகத்துக்கு நியாயமான இடம் தருகிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு வருஷம் வரை ஜெயில் என்கிறது. நான் வக்கீல் இல்லை, பிசினஸ் லா பேப்பரில் எடுத்ததே 52 மார்க்குதான். காப்பி போட்டு ஊருக்கு விற்கிற ஐடியா இருந்தால் என் பெயரைச் சொல்லாதீர்கள் :-)