இரண்டு குதிரைகள்

சத்தம் போடுகிறவனுக்குத்தான் பலம் அதிகம் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் உண்டு. மேடையில் பேசுகிறவரைப் பற்றியும் அப்படித்தான் நினைக்கிறோம். வீட்டில் கோபித்துக்கொள்கிறவரைப் பற்றியும் அப்படித்தான். என் தங்கை மகன் மோட்டார் சைக்கிளைப் பற்றி அவ்விதம் நினைத்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அவன் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்க்கிறான். பதனிட்ட தோலைக் கனம் பார்த்துத் தரம் பிரிப்பது அவன் உத்தியோகம். தகப்பனார் இல்லாத பிள்ளை. இருபது வருஷமாக ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து தங்கை அவனை ஆளாக்கினாள். தவணையில் ஒரு கான்டினென்டல் ஜி.டி. 650 வாங்கினான். அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள். தீபாவளி போனஸ் வந்ததும் ஒழுகுகிற மொட்டை மாடிக்கு ஓடு பதித்துவிடலாம் என்று அவள் எண்ணியிருந்தாள். பையன் அந்தப் பணத்தில் பளபளவென்று இரண்டு சைலன்ஸர்கள் வாங்கி மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

மறுநாள் வேலூரில் என் வீட்டு வாசலுக்கும் வந்தான். "சத்தத்தைக் கேளுங்க மாமா! எவ்வளவு பவர் ஏறியிருக்கு தெரியுதா?" என்று கைப்பிடியை முறுக்கினான். எதிர் வீட்டுக் குழந்தை தூக்கத்திலிருந்து வீரிட்டது. நான் அவனைக் கண்டித்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், பின்னால் ஏறி உட்கார்ந்து கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். அறுபது வயதுக்காரன் நெஞ்சில் அந்த உறுமல் ஏதோ செய்யத்தான் செய்தது.

தங்கையோ அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவன் ஒரு யோசனையோடு வந்தான். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் 'டைனோ' என்ற யந்திரம் இருக்கிறதாம். வண்டியின் சக்தியை அளந்து காகிதத்தில் கோடு போட்டுக் கொடுக்குமாம். "அதை நீங்கதான் அம்மாகிட்ட எடுத்துச் சொல்லணும். நீங்க சொன்னா நம்புவாங்க" என்றான். கதை எழுதிப் பிழைக்கிறவன் வார்த்தையை நம்புகிற ஜீவன் ஒன்றாவது உலகில் இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் புறப்பட்டுவிட்டேன்.

வாலாஜாப்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று நெடுஞ்சாலையில் போகையில், இந்த வண்டியின் குலம் கோத்திரத்தை அவன் சொல்லிக்கொண்டே வந்தான். இங்கிலாந்தில் பிறந்த ராயல் என்ஃபீல்டு 1955-ல் சென்னைக்கு வந்து திருவொற்றியூரில் வேரூன்றியது. இந்த இரட்டை சிலிண்டர் வண்டி இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2018-ல். கம்பெனிக் கணக்குப்படி 47 குதிரைத் திறன். "இப்ப ஐம்பதைத் தாண்டும்" என்றான்.

பட்டறையில் தரைமட்டத்தில் ஒரு கனத்த இரும்பு உருளை. பின்சக்கரத்தை அதன்மேல் நிறுத்தி, வண்டியை நாலு பக்கமும் பட்டைகளால் இழுத்துக் கட்டினார்கள். முன்னால் ஒரு பெரிய விசிறி. பின்னால் புகையை உறிஞ்ச ஒரு குழாய். வண்டி ஓர் அங்குலம் நகராமல் நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடியது. உருளையின் கனம் தெரிந்தது. அது எத்தனை விரைவில் வேகம் பிடிக்கிறது என்பதைக் கொண்டு சக்தியைக் கணக்கிட்டுவிடலாம். இது புதுச் சங்கதி அல்ல. 1821-லேயே பிரோனி என்ற பிரெஞ்சு இஞ்சினீயர் சுழலும் அச்சை மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, அது திமிறுவதை எடை வைத்து அளந்திருக்கிறார். குதிரைக் கணக்கு அதற்கும் முந்தியது. ஒரு நிமிஷத்தில் 33,000 பவுண்டை ஓர் அடி உயரம் தூக்குவது ஒரு குதிரையின் வேலை என்று வகுத்தவர் ஜேம்ஸ் வாட்.

கோடு திரையில் எழும்பியது. பழைய சைலன்ஸரோடு இதே மாதிரி வண்டி ஒன்றை அளந்த கோடும் பட்டறைக்காரரிடம் இருந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டினார். உச்சியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே நாற்பதின் பக்கத்தில் நின்றன. பல்சக்கரமும் சங்கிலியும் தின்றதுபோக, பின்சக்கரத்துக்கு வந்து சேருவது அவ்வளவுதானாம். ஆனால் நடுவில், நாலாயிரம் சுற்றின் அருகே, எங்கள் கோட்டில் ஒரு பள்ளம். தினமும் ஓட்டுகிற வேகத்தில் வண்டி முன்னைவிட இளைத்திருந்தது!

பையன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பட்டறைக்காரர் பொறுமையாக விளக்கினார். "சைலன்ஸர் சத்தத்தை மட்டும் அடக்குற சாமான் இல்ல சார். புகை வெளியே போற விதத்தை மாத்தினா, காத்து உள்ளே வர்ற விதமும் மாறிடும். வண்டியோட மூளைக்கு இது தெரியாது. பழைய கணக்குப்படியே பெட்ரோல் ஊத்திட்டிருக்கு." ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய, எடைக்கு எடை 14.7 பங்கு காற்று வேண்டும்; எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது இன்னும் சற்றுக் குறையும். முழு வேகத்தில் முறுக்கும்போது பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகவே விட வேண்டும். எங்கள் வண்டியோ பட்டினி கிடந்தது. அந்த உறுமலில் பாதி பசிக் கூக்குரல் போலும்!

சிறு பெட்டி ஒன்றை இடையில் பொருத்தி, ஒவ்வொரு சுழற்சிக்கும் எவ்வளவு பெட்ரோல் என்று அவர் திருத்திக்கொண்டே போனார். கொஞ்சம் கூட்டுவார், ஓட்டுவார், புகைக் குழாயில் செருகிய கருவி சொல்வதைப் பார்ப்பார், மறுபடி கொஞ்சம் குறைப்பார். குழந்தைக்குச் சோறூட்டும் தாயின் நிதானம் அந்த மனிதருக்கு. நாலு மணி நேரத்தில் பள்ளம் நிரம்பியது. உச்சியில் இரண்டு குதிரை கூடியது. அந்தப் பெட்டிக்குப் பணம் கொடுத்தது யார் என்பதைத் தங்கையிடம் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தைப் படித்துத் தெரிந்துகொள்வாள்.

புறப்படும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். கம்பெனி செய்த வண்டியை இப்படி மாற்றி ரோட்டில் ஓட்ட 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் இடம் தராது; இது பந்தய மைதானத்துக்கு உகந்தது. 175 சி.சி.க்கு மேற்பட்ட வண்டி தொழிற்சாலையை விட்டு வரும்போதே 80 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்பது விதி. எனக்கு எங்கள் பாலாறு ஞாபகம் வந்தது. தோல் பதனிடும் கழிவுநீர் வழக்கில், கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாம் வெளியே விடுவது எதுவானாலும் அடுத்தவன் வாசலில்தான் போய் விழுகிறது. எதிர் வீட்டுக் குழந்தைக்கு வழக்குப் போடத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வாலாஜாவில் டீ குடிக்க நிறுத்தினோம்.

"ஏம்பா, உங்க மேஸ்திரி தோலை விரலால தடவிப் பார்த்து ஒண்ணு புள்ளி ரெண்டு மில்லின்னு சொன்னா ஒத்துக்குவியா?" என்று கேட்டேன்.

"அதெப்படி மாமா? கேஜ் வச்சுப் பார்த்துதான் எழுதுவேன்."

சொன்னவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வெகுநேரம் கழித்து, "காதை நம்பிட்டேன்" என்றான்.

ஆம்பூரில் தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். "என்ன அண்ணா, மெஷின் என்ன சொல்லிச்சு?"

ஒரு நல்ல பொய் நாக்கு நுனி வரை வந்தது. பையன் என்னை முந்திக்கொண்டான். "ரெண்டு குதிரை கூடியிருக்கும்மா. அதுவும் இன்னிக்குத்தான். அதுக்கு முன்னாடி கொறஞ்சுதான் இருந்துச்சு."

"ரெண்டு குதிரைக்கு முழு போனஸா! தீனி யாரு போடறது?" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் மகனோடு பேசிய முதல் வார்த்தை அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய சைலன்ஸர்களை மாட்டிவிட்டான், பெட்டியையும் கழற்றினான். பழைய சைலன்ஸருக்குப் பழைய கணக்குத்தானே சரி! புதியவற்றை விற்க மனமில்லை. சாக்கில் சுற்றிப் பரண்மேல் போட்டிருக்கிறான்.

போன வாரம் ஆம்பூரில் நல்ல மழை. மாடிக்கு இன்னும் ஓடு பதித்தபாடில்லை. தங்கை வீட்டில் படுத்திருந்தேன். பரணிலிருந்து 'டங், டங்' என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. சைலன்ஸர்மேல் சொட்டுகிறது என்று புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரமாயிற்று. பையனும் தூங்கவில்லை. எழுந்து போய், அதன் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு வந்து படுத்தான்.