நெய்தல் தேடிய இரண்டு நாட்கள்

தார்நாகாவில் எல்லாம் உண்டு. கடல் மட்டும் இல்லை. ‘தார்’ என்றால் கம்பி, ‘நாகா’ என்றால் சாவடி. மாந்தோப்பு ஒன்றின் கம்பி வேலியருகே நின்ற காவற்சாவடியால் இவ்வூருக்கு இப்பெயர் வந்தது என்பர். தோப்பு மறைந்தது, ஆய்வுக்கூடங்கள் எழுந்தன. 1958ஆம் ஆண்டில் குன்னூரிலிருந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து வந்தது. 1966இல் செகந்தராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மத்திய இரயில்வே தோன்றியது. இத்தகைய நிறுவனங்களை நம்பித் தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே வந்து வேரூன்றின.

1978இல் நாகப்பட்டினத்திலிருந்து நானும் வந்தேன். அடுத்த வீட்டில் இரயில்வேயில் பணியாற்றிய நண்பர் இருந்தார். அவர் துணைவியார் தரங்கம்பாடியில் பிறந்தவர். தெலுங்கு ஒரு சொல்லும் அறியாமல் வந்திறங்கிய என் மனைவிக்குக் கீரைக்காரியிடம் பேரம் பேசக் கற்றுக் கொடுத்தவர் அவர்தாம். விடியலில் குழாயில் தண்ணீர் வந்ததும் சுவரைத் தட்டி எழுப்புவதும் அவர்தாம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தட்டலே எங்கள் வீட்டுக் கடிகாரமாக இருந்தது.

கடற்கரையில் பிறந்தவனுக்கு ஏற்படும் ஏக்கம் சற்று வேறானது. உசேன் சாகர் ஏரிக் கரையில் எத்தனை மாலைகள் அமர்ந்தாலும் அது தீருவதில்லை. ஏரி கண்ணுக்கு இனியதுதான். ஆனால் அது இரவில் பேசுவதில்லை. ஆகவே ஆண்டுக்கொரு முறை நாகைக்குச் சென்று வருவோம். என் தாயார் மறைந்தபின் உடன்பிறந்தோர் கூடிப் பேசி வீட்டை விற்றோம். அதன்பின் ஒருமுறை சென்றபோது விடுதியில் அறை எடுத்துத் தங்கினேன். பிறந்த ஊரில் விருந்தினர் பதிவேட்டில் கையெழுத்திட்டு, ‘நிரந்தர முகவரி’ என்னும் இடத்தில் தார்நாகா என்று எழுதியபோது என் கை சற்றே தயங்கியது. பிறகு நான் போகவில்லை.

இந்நிலையில் சென்ற டிசம்பரில் நண்பர் தொலைபேசியில் அழைத்தார். ஓய்வு பெற்றபின் மகனுடன் விசாகப்பட்டினத்தில் குடியேறியிருந்தார். “அவளுக்கு நினைவு தப்பிக்கொண்டே வருகிறது. உங்களை அடையாளம் தெரிகிற காலத்திலேயே ஒருமுறை வந்து போங்கள்” என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை மாலை கோதாவரி விரைவு வண்டியில் ஏறினோம். நள்ளிரவு கடந்தபின் இராஜமுந்திரிப் பாலத்தில் சக்கரங்களின் ஓசை மாறியபோது விழித்துக்கொண்டேன். என் மனைவியும் உறங்கவில்லை.

விசாகப்பட்டினம் நமக்கு முற்றிலும் அயலூரன்று. குலோத்துங்க சோழபட்டினம் என்றும் அதற்கொரு பெயர் வழங்கியதைக் கல்வெட்டால் அறிகிறோம். 1953இல் ஆந்திர மாநிலம் பிரியும் வரை அதுவும் நாகையும் ஒரே சென்னை மாகாணத்தில்தான் இருந்தன. கடலும் ஒன்றே. நாகையில் நான் கால் நனைத்த வங்கக் கடல்தான் இங்கே டால்பின் மூக்கு என்னும் குன்றின் அடியில் வந்து மோதுகிறது.

அந்த அம்மையார் வாயிலிலேயே நின்றிருந்தார். என் மனைவியை நோக்கிப் புன்னகை செய்தார். ஆனால் பெயர் சொல்லவில்லை. என்னைக் கண்டு, யாரோ அதிகாரி வந்திருக்கிறார் என்பதுபோல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஆயிரம் முறை என் கைப்பையைப் பார்த்து, “இன்றைக்கும் குடையை மறந்துவிட்டீர்களா?” என்று கேட்டவர் அவர். நான் செருப்பைக் கழற்றும் சாக்கில் குனிந்துகொண்டேன்.

மாலையில் கடற்கரைக்குச் சென்றோம். பொரிக்கலவை விற்பவர்களும், கரையேற்றி நிறுத்தப்பட்ட குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலைக் காண வந்த குழந்தைகளுமாக ஒரே கூட்டம். நண்பர் துணைவியாரின் கையைப் பற்றி மணலில் அமர்த்தினார். “நாள்தோறும் அழைத்து வருகிறேன். கடலைப் பார்த்தால் தரங்கம்பாடி நினைவுக்கு வரும் என்று நம்பினேன். மகனுடன் இங்கே வந்து தங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்” என்றார். அம்மையார் அலைகளைப் பார்த்தபடி இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. நெய்தலுக்கு எற்பாடு பொழுதென்றும் இரங்கல் உரிப்பொருளென்றும் பள்ளியில் மனப்பாடம் செய்தவன் நான். அதன் பொருள் அன்றுதான் விளங்கியது.

ஞாயிறு விடியலில் மீண்டும் சென்றோம். நடப்பவர்களுக்காக அந்நேரத்தில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. அலையோசை மட்டுமே கேட்டது. கதிரவன் நீரிலிருந்து எழுந்தான். நாகையில் எழுவது போலவே எழுந்தான். எனக்குத் தொண்டை அடைத்தது. அப்போது அம்மையார் திடீரென்று என் மனைவியின் தோளைத் தட்டினார்.

“எழுந்திரம்மா. வீட்டுக்குப் போகலாம். தார்நாகாவில் தண்ணீர் வருகிற நேரம்.”

யாரும் பேசவில்லை. நண்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இவள் தேடுவது தரங்கம்பாடி என்றல்லவா நினைத்தேன்” என்றார். என் மனைவி, “ஆமாம் அக்கா, குடத்தை எடுத்து வைத்துவிட்டேன்” என்று அவர் கையைப் பிடித்து எழுப்பினாள்.

கணியன் பூங்குன்றனாரைச் சங்க விழாக்களில் நாம் போற்றாத ஆண்டில்லை. எனினும், பிழைக்க வந்த ஊர் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குறை கூறிவந்த இடம் நமக்குத் தெரியாமலே நம் ஊராகிவிடுகிறது என்பதை, நினைவிழந்த ஒருவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். ஊர் என்பது பிறந்த மண் மட்டுமன்று. நம் சுவரைத் தட்டி எழுப்பும் உரிமை உடையவர் இருக்கும் இடமும் ஊர்தான். அன்பர்களே, விடுமுறை கிடைத்தால் கோயில் குளங்களுக்குச் செல்லுங்கள். ஆனால் மாற்றலாகிப் போன பழைய அயலாரையும் ஒருமுறை தேடிச் செல்லுங்கள். நம் ஊரின் ஒரு பகுதியை அவர்கள் எடுத்துச் சென்றிருக்கிறார்கள். காலம் தாழ்த்தினால் அது அவர்களிடமும் இராது.

திங்கள் காலை தார்நாகா வந்து சேர்ந்தோம். இன்றும் எங்கள் தெருவில் தண்ணீர் வரும் நாட்களில் என் மனைவி விசாகப்பட்டினத்துக்குத் தொலைபேசியில் பேசுகிறாள். “அக்கா, தண்ணீர் வந்துவிட்டது” என்பாள். சில நாட்களில் மறுமொழி இராது. சில நாட்களில் மட்டும், “முதலில் குடிதண்ணீரைப் பிடித்து வை” என்ற குரல் கேட்கும்.