மணியோடு மலைநாட்டுக்கு

வீட்டைப் பூட்டிக்கொண்டு நாலு நாள் வெளியூர் சென்று வருவோம் என்று எண்ணும் குடும்பங்களுள், நாய் வளர்க்கும் குடும்பத்துக்கு மாத்திரம் ஒரு கவலை அதிகம். பால்காரருக்கும் பத்திரிகைக்காரருக்கும் சொல்லிவிடலாம். பூஞ்செடிகளுக்கு அயல்வீட்டுப் பிள்ளை தண்ணீர் வார்க்கும். நாயை யாரிடம் விட்டுச் செல்வது?

எமது மணிக்கு வயது பதினொன்று. வெள்ளவத்தைத் தெருவோரத்தில் மழையில் நனைந்து கிடந்ததை எடுத்து வளர்த்தோம். முந்திய ஆண்டு யாழ்ப்பாணத்துக் கலியாணம் ஒன்றுக்குப் போனபோது அதனை உறவினர் வீட்டில் விட்டிருந்தோம். மூன்று நாளும் அது படலையடியிலேயே படுத்துக்கிடந்து, இறைச்சி வைத்தும் வாய்வைக்கவில்லையாம். ஆகவே மாசி மாதப் பூரணையை ஒட்டி வந்த விடுமுறைக்கு மலைநாடு செல்வதென்று தீர்மானித்ததும், "மணி வராவிட்டால் நானும் வரமாட்டேன்" என்று எமது இளைய மகள் தீர்ப்புக் கூறிவிட்டாள்.

நுவரெலியாவிலே தங்குமிடங்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் விசாரித்தோம். சில இடங்களில் நாய் என்ற சொல்லைக் கேட்டதுமே பேச்சு முடிந்தது. ஓரிடத்தில், வாகனம் நிறுத்தும் கொட்டகையில் கட்டி வைக்கலாம் என்றனர். மலைக்குளிரில், இரவில், கிழட்டு நாயைக் கொட்டகையிலா கட்டுவது? இன்னோரிடத்தில் மிகுந்த மரியாதையோடு பேசினார்கள். ஆயின் அவர்கள் கேட்ட முதற் கேள்வி, "உங்கள் நாய் என்ன சாதி?" என்பதே. ஊர்நாய் என்றோம். சற்று மௌனத்தின் பின், அறைகள் யாவும் நிரம்பிவிட்டன என்ற விடை வந்தது. நாயை விட்டுவிட்டு வா என்று வானுலக வாசலிலே சொல்லப்பட்ட தருமபுத்திரரின் நிலை எமக்கு அன்று நன்றாக விளங்கியது. அவரிடமும் சாதி விசாரிக்கவில்லை என்பது ஒரு வேற்றுமை.

மேல்நாடுகளில் நிலைமை மாறிவருகிறது. அமெரிக்காவின் புளோரிடாவிலே உள்ள வால்ட் டிஸ்னி உல்லாசபுரியில் 2017 ஒக்டோபரில் நான்கு விடுதிகளை நாய்களுக்குத் திறந்துவிட்டார்கள். அறைக்கு இரண்டு நாய்கள் வரை அனுமதி. அவற்றுக்குப் படுக்க விரிப்பு, உண்ணக் கிண்ணம், உள்ளே நாய் இருக்கிறது என்று கதவில் தொங்கவிட ஓர் அட்டை ஆகியவற்றையும் கொடுத்தார்களாம். கட்டணமும் உண்டு. இலட்சக்கணக்கானோர் வந்துபோகும் கேளிக்கைக் களத்திலே நாய்க்கு இடமிருக்கும்போது, மலைநாட்டில் இல்லாமற் போகுமா என்று தேடிக்கொண்டேயிருந்தோம். கடைசியிற் கிடைத்தது, கொட்டகலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், முன்னாளில் துரைமார் வசித்துப் பின்னர் விருந்தினர் விடுதியாக மாற்றப்பட்ட ஒரு பங்களா. நாய்க்கு இரவொன்றுக்கு மூவாயிரம் ரூபாய், நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி அட்டை காட்டவேண்டும், படுக்கையில் ஏற்றலாகாது. எல்லாவற்றுக்கும் சம்மதித்தோம்.

அவிசாவளையைத் தாண்டியதும் பாதை களனி கங்கையை ஒட்டிச் செல்கிறது. கித்துள்கலையிலே, குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய ஆங்கிலப் படத்தை எடுத்த இடத்தில் தேநீருக்கு நிறுத்தினோம். அதற்குள் மணி இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டது. நாயோடு மலையேறுவோருக்கு எமது அநுபவத்திலிருந்து ஒன்று சொல்வோம்: புறப்படுவதற்கு முன் வயிறு நிறைய உணவு கொடுக்காதீர்கள். கினிகத்தேனைக்கு மேல் வளைவுகள் தொடங்கிவிட்டால் மனிதருக்கே தலை சுற்றும். வழியில் புல்லில் இறக்கினால் அட்டை கால்விரலிடுக்கிற் புகுந்துவிடும். ஒரு சிறு பையில் உப்பு வைத்திருப்பது நல்லது. ஹட்டனில் சிவனொளிபாத மலைக்குப் போகும் யாத்திரிகர் கூட்டம். தோளில் குழந்தையும் கையில் தடியுமாகப் பேருந்துக்கு ஓடுவோரை மணி கண்ணாடிக்கூடாகப் பார்த்துக்கொண்டே வந்தது.

பங்களா உயரத்தில் இருந்தது. கணப்பு அடுப்பு, மெழுகிட்ட பலகைத் தரை, சைப்பிரஸ் மரங்கள், வெட்டிச் செப்பனிட்ட புற்றரை என எதிலும் குறையில்லை. புற்றரையின் ஓரத்திலே, ரோசாச் செடிகளின் நடுவே ஒரு சிறிய கருங்கல் நாட்டப்பட்டிருந்தது. பாசி படிந்து எழுத்துக்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. துரை ஒருவர் தமது நாயைப் புதைத்த இடம் அது என்று சமையற்காரர் சொன்னார். பிள்ளைகள் பாசியைச் சுரண்டிப் பெயரைப் படிக்க முயன்றார்கள். நாம் கீழே பார்த்தோம். சரிவிலே தேயிலை, அதன் நடுவே தகரக் கூரை வேய்ந்த லயங்கள். அவற்றுக்கும் அப்பால், தொழிலாளரின் மயானம் என்று அவர் காட்டிய நிலத்தில் கல் எதுவும் எம் கண்ணுக்குத் தென்படவில்லை.

இந்த மலைகளுக்கு வேட்டைநாய் வந்த கதை பழையது. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848இல் நுவரெலியாவிலே குடியேறியபோது, கலப்பை, கால்நடை, வேலையாட்கள் ஆகியோருடன் வேட்டைநாய்களையும் கப்பலில் ஏற்றி வந்தார். நாய்களை ஏவி மரைகளைத் துரத்தி, கத்தியாற் குத்தி வீழ்த்துவது அவருக்கு விளையாட்டு. அவருடைய இலங்கை வேட்டை நூலின் தலைப்பிலேயே துப்பாக்கிக்கு அடுத்ததாக வேட்டைநாய் இடம்பெற்றிருக்கிறது. அவருக்குச் சில ஆண்டுகள் முன்பின்னாகத்தான், தலைமன்னாரில் இறங்கி மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்துவந்த தமிழ்நாட்டு ஏழைகள் கோப்பித் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தனர். வழியிலே மாண்டோர் பலர். அந்த வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் மன்னாரிலிருந்து மாத்தளை வரை மீண்டும் நடந்தார்கள். கோப்பியை நோய் அழித்தபின், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்டுக் காட்டிய தேயிலை மலையெங்கும் பரவியது. அதனை நட்டவர்களும் இவர்களே. அவர்களுடைய பிள்ளைகளின் பிள்ளைகள் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் சம்பளம் என்ற கோரிக்கைக்காக ஆண்டுக்கணக்காகப் போராடி, 2021இலே தான் அதைப் பெற்றார்கள். மணியின் இரவுக் கட்டணம் அதைப்போல் மூன்று மடங்கு என்ற கணக்கு, பங்களாவின் பற்றுச்சீட்டைப் பார்த்த பின்னரே எமக்கு உறைத்தது.

மூன்றாம் நாள் ஹோட்டன் சமவெளிக்குப் போனோம். 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட அங்கே வளர்ப்பு நாய்க்கு அனுமதியில்லை. அது நியாயமே. நாயின் நோய்கள் காட்டுவிலங்குகளுக்குத் தொற்றும். பேக்கர் காலத்து நாய்கள் செய்ததும் போதும். மணியைச் சமையற்காரரிடம் ஒப்படைத்து அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். உலகமுடிவின் விளிம்பில் நின்று பார்த்தோம். சில நிமிடங்களில் மூடுபனி எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. பேக்கரின் பெயர்தாங்கிய அருவியையும் பார்த்தோம். அத்தோடு திரும்பியிருந்தால் மாலைக்கு முன்னரே பங்களா சேர்ந்திருக்கலாம். பிள்ளைகளுக்குக் கிரகறி வாவியிலே படகு வேண்டும், பின்னர் சோளம் வேண்டும், பின்னர் குதிரை வேண்டும். நாமும் மறுக்கவில்லை. வந்து சேர்ந்தபோது மணி ஆறரை. படியிலே சமையற்காரர் முகம் கறுத்து நின்றார்.

குசினிக் கதவு திறந்திருந்த வேளை பார்த்து நாய் ஓடிவிட்டதாம். நான்கு மணிக்கே காணவில்லையாம்.

அந்த மலைகளில் இருட்டிய பின்னர் நாய் வெளியே இருப்பது எத்தகைய விடயம் என்பதை நேயர்கள் அறிந்திருக்கவேண்டும். தோட்டங்களை ஒட்டிய காடுகளிலே சிறுத்தைகள் உண்டு. அவை மனிதரை நாடுவது அரிது. நாயோ அவற்றுக்கு எளிதான இரை. பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியிலே அவையும் அகப்படுகின்றன. 2020 மே மாதத்தில் நல்லதண்ணியிலே அரிய கருஞ்சிறுத்தை ஒன்று அவ்வாறு சிக்கி, சிகிச்சை பலனின்றி இறந்தது. நாய்க்கும் சிறுத்தைக்கும் கண்ணிக்கும் நடுவே எமது மணி எங்கேயோ நின்றது. அதற்குக் காதும் சரியாகக் கேளாது.

காவற்காரரையும் அழைத்துக்கொண்டு, கைவிளக்கோடு இறங்கினோம். நிலவு இருந்தும் பனிமூட்டத்தில் பாதை தெரியவில்லை. தேயிலைச் செடிகளின் நடுவே பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். எதிர்மலையிலிருந்து எமது குரலே திரும்பி வந்தது. இளையவள் அழவில்லை. "அது எங்களைத் தேடித்தானே போயிருக்கும்?" என்று மாத்திரம் திரும்பத் திரும்பக் கேட்டாள். அதற்கு என்ன விடை சொல்வது?

முக்கால் மணி நேரம் தேடியபின் லயத்தடிக்கு வந்தோம். நாய்கள் குரைத்தன. ஒரு கதவு திறந்தது. உள்ளே அடுப்பின் அருகே, சாக்கின்மேல் மணி படுத்திருந்தது. எம்மைக் கண்டதும் எழுந்து வாலை ஆட்டிற்று, அவ்வளவே. ரொட்டித் துண்டொன்று பாதி தின்றபடி கிடந்தது.

ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு கொழுந்து பறிக்கும் அம்மா அதனைக் கட்டி வைத்திருந்தார். "கழுத்துப் பட்டிய பாத்ததும் பங்களாவுக்கு வந்தவங்க நாயின்னு தெரிஞ்சிச்சு ஐயா. வெளிய விட்டா போன மாசம் எங்க நாய் போன மாதிரி போயிருமே. அதான் உள்ள வச்சிக்கிட்டேன்."

"மேலே சொல்லியனுப்பியிருக்கலாமே, அம்மா?"

"பங்களா கேட்ட பூட்டியிருப்பாங்க. நாங்க அங்க வர்றதில்லீங்களே. நா இந்தத் தோட்டத்துலயே பொறந்தவ, அந்த வாசப்படிய மிதிச்சதில்ல."

காவற்காரர் வேறெங்கோ பார்த்தார். அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். அதிலே அவரும் மகனும் மருமகளும் இரண்டு பிள்ளைகளும். எம்மை இருக்கச் சொல்லிப் பலகையைத் துடைத்துப் போட்டார். எல்லோருக்கும் சாயத்தேநீர் தந்தார். ஏற்றுமதித் தேயிலை மலைமலையாய் விளையும் இடத்திலே அவருடைய கோப்பையில் இருந்தது தூசுத்தேயிலை. நன்றாகவே இருந்தது. காசு நீட்டினோம். "வேணாங்க, நாய்க்குச் சோறு போட்டதுக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களா?" என்று கையை மடக்கிவிட்டார். பங்களாப் பற்றுச்சீட்டு எமது சட்டைப்பையிலே இருந்தது.

மணியின் வார் ஓடிய அவசரத்தில் எங்கோ அறுந்துவிட்டிருந்தது. கொழுந்துச் சாக்கைத் தலையில் மாட்டும் கயிற்றைக் கழற்றித்தான் அதனை அவர் கட்டியிருந்தார். அந்தக் கயிற்றோடேயே மேலே அழைத்து வந்தோம். அன்றிரவு அது கணப்படுப்பின் முன்னே உறங்கிற்று. படுக்கையில் ஏற்றலாகாது என்ற விதியை இளையவள் மீறினாள். நாம் பார்க்காததுபோல் இருந்துவிட்டோம்.

காலையிலே அவருக்கு அந்தக் கயிறு வேண்டுமே என்ற நினைவு வந்து, பிரட்டுக்கு முன்னரே எழுந்து இறங்கினோம். இளையவளும் மணியும் கூட வந்தார்கள். களத்திலே பெண்கள் வரிசையாக நின்றார்கள். அவர் கயிற்றை வாங்கிச் சாக்கிலே முடிந்து, நெற்றிக்குமேல் இழுத்து மாட்டிக்கொண்டார். "குளிரப் போவுது பாப்பா, நாயைக் கூட்டிக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு மலையேறினார். மணி அவர் பின்னாலே பத்தடி தூரம் போய் நின்று, திரும்பி எம்மைப் பார்த்தது.