வராத விடையும் இல்லாத விடையும்



சாரின் உடல்நிலை பற்றி நிறையப் பேர் போனிலும் இன்பாக்ஸிலும் கேட்டிருந்தீர்கள். இப்போது நலம். பிரஷர் 130க்கு இறங்கிவிட்டது. "என்ன ஆச்சு டீச்சர்?" என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். விஷயம் கொஞ்சம் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது. பயந்து ஓடிவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்திய அதே வழியில்தான் சொல்லப் போகிறேன்.

என் பேத்தி இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. தாத்தாவுக்காக ஒரு மாத்திரை ஆப் செய்து கொடுத்தாள். ஃப்ளட்டர் என்று கூகுளின் ஒரு கருவி இருக்கிறது, டார்ட் என்ற மொழியில் எழுத வேண்டும். டாக்டர் மருந்தை மாற்றினால் என் மகள் சென்னையில் இருந்தே பட்டியலைத் திருத்துவாள், இங்கே சாரின் போனில் அது தெரியும். நல்ல ஏற்பாடுதான்.

ஒரு திங்கட்கிழமை பிரஷர் மாத்திரை புது அட்டை பிரித்தோம், பத்து மாத்திரை. இரவுக்கு ஒன்று. சனிக்கிழமை காலை எண்ணிப் பார்த்தால் ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருக்கிறது. தலை சுற்றுகிறது என்று அவர் சொன்னதால்தான் எண்ணவே தோன்றியது. பார்த்தால் பிரஷர் 170. "ஏன் போடலை?" என்றால், "போன்ல இன்னைக்கு மாத்திரை இல்லைன்னு போட்டிருந்துச்சே" என்கிறார். முப்பது வருஷம் கணக்கு நடத்திய மனிதர், எழுத்தில் இருப்பதை நம்புவார்.

மதியமே பேத்தி பஸ் பிடித்து வந்துவிட்டாள். முகம் வாடியிருந்தது. சாப்பிட வைத்து, பிறகு "எனக்குப் புரியும்படி சொல்லு" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பட்டியல் சர்வர்ல இருந்து வரணும் அம்மாச்சி. வர்றதுக்குள்ள ஸ்கிரீனை வரைஞ்சாகணும். அதனால முதல்ல காலிப் பட்டியல் வெச்சிருந்தேன். பட்டியல் காலின்னா 'இன்று மாத்திரை இல்லை'ன்னு காட்டச் சொல்லியிருந்தேன்."

அவ்வளவுதான் விஷயம். நம் ஊரில் சிக்னல் கிணற்றில் வாளி விட்டது போல மெதுவாக வரும். பட்டியல் வந்து சேரும்வரை திரையில் "இல்லை" என்றே நிற்கும். சார் பார்த்துவிட்டு, சரி என்று போனை வைத்துவிடுவார்.

வருகைப்பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். பெயர் கூப்பிடுவதற்கு முன் கட்டம் வெறுமையாக இருக்கும். அதைப் பார்த்து "முப்பது பேரும் ஆப்சென்ட்" என்று எந்த வாத்தியாராவது சொல்வாரா? இன்னும் கூப்பிடவில்லை என்பது ஒன்று, கூப்பிட்டும் ஆள் இல்லை என்பது வேறு. இவள் இரண்டுக்கும் ஒரே கட்டத்தை வைத்துவிட்டாள். அவளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. டோனி ஹோர் என்ற ஆங்கிலேய அறிஞர் 1965இல் ஒரு மொழிக்கு 'நல்' என்ற வெற்றுக் குறிப்பைச் சேர்த்துவிட்டு, பிற்காலத்தில் அதை நூறு கோடி டாலர் தவறு என்று தானே வருந்தினாராம். பெரியவர்களையே படுத்திய வெறுமை இது.

"வரும்வரை திரை காத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். கூடாதாம். பல போன்களில் திரை விநாடிக்கு 60 முறை புதிதாக வரையப்படுகிறது. ஒரு முறைக்குச் சுமார் 16 மில்லி விநாடிதான். வரைகிற வேலை நின்று காத்திருந்தால் திரை உறைந்துபோகும், தொட்டாலும் அசையாது. ஆண்ட்ராய்டில் ஐந்து விநாடி அப்படிக் கிடந்தால் "ஆப் பதில் சொல்லவில்லை, மூடிவிடவா?" என்று கேட்கும். அதனால் சர்வரிடம் கேட்டவுடன் கையில் கிடைப்பது பட்டியல் இல்லை, 'ஃப்யூச்சர்' என்ற ஒன்று. தையல்காரர் தரும் ரசீது மாதிரி. சட்டை பிறகு வரும். ரசீதை உடுத்திக்கொண்டு கல்யாணத்துக்குப் போக முடியாது. அவள் ஒருமுறை ரசீதையே திரையில் அச்சடித்துப் பார்த்திருக்கிறாள், "இன்ஸ்டன்ஸ் ஆஃப் ஃப்யூச்சர்" என்று வந்ததாம். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

அவளுடைய வகுப்புத் தோழன் போனில் ஒரு வழி சொன்னான்: இரண்டு விநாடி தாமதம் வைத்துவிட்டுப் பிறகு படி. எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. இரண்டு விநாடியில் வந்துவிடும் என்று யார் எழுதிக் கொடுத்தது? டவுன்பஸ் ஏழு மணிக்கு என்று போர்டில் இருப்பதால் ஏழு மணிக்கு ஸ்டாப்பில் பஸ் நிற்குமா? பஸ் வந்ததா என்று பார்த்துத்தானே ஏற வேண்டும்.

இன்னொரு வழி, பெட்டிக்குப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறி. "இதில் நிச்சயம் பொருள் இருக்கிறது" என்று எழுதுகிறவர் சத்தியம் செய்கிற குறியாம் அது. போட்டுப் பார்த்தாள், திரை முழுக்கச் சிவப்பு. பொய்ச் சத்தியத்தை டார்ட் பொறுப்பதில்லை.

கடைசியில் சரியான வழிக்கு வந்தாள். 'ஃப்யூச்சர்பில்டர்' என்று ஒன்று. ரசீதை அதனிடம் கொடுத்துவிட்டால், நிலைமை மாறும்போதெல்லாம் அதுவே திரையைத் திரும்ப வரையும். எந்த நிலையில் என்ன காட்டுவது என்பதை மட்டும் நாம் சொல்ல வேண்டும். எக்செல்லில் ஒரு மதிப்பெண்ணை மாற்றினால் மொத்தம் தானாக மாறுகிறதே, அந்தக் குணம்தான். அந்த வாசகங்களை எழுதியது நான்.

இன்னும் வரவில்லை என்றால்: "பட்டியல் வந்துகொண்டிருக்கிறது. போனை வைத்துவிடாதீர்கள்."

வரமுடியவில்லை என்றால்: "நெட் இல்லை. அலமாரிக் கதவில் ஒட்டியுள்ள சீட்டைப் பாருங்கள்."

வந்துவிட்டால் மாத்திரைகளின் பெயரும் நேரமும். வந்த பட்டியல் உண்மையிலேயே காலி என்றால் மட்டும்: "மாத்திரை எதுவும் எழுதப்படவில்லை. மகளுக்கு போன் செய்யுங்கள்." தினமும் மாத்திரை போடுகிறவருக்கு "இல்லை" என்ற வாசகமே எதற்கு என்று கேட்டேன். அதை அவள் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டாள்.

பிறகும் ஒரு தொல்லை. போனைக் கிடையாகத் திருப்பினாலும் பட்டியல் மறுபடி முதலில் இருந்து வரத் தொடங்கியது. வரைகிற இடத்துக்குள்ளேயே சர்வரிடம் கேட்கும் வரியை வைத்திருந்தாள், ஒவ்வொரு முறை வரையும்போதும் புதிதாக ஒரு ரசீது. அந்த வரியை 'இனிட்ஸ்டேட்' என்ற இடத்துக்கு மாற்றினாள். திரை பிறக்கும்போது ஒருமுறை மட்டும் ஓடும் இடமாம். இரவு பதினொன்றுக்கு வேலை முடிந்தது. சார் அதற்குள் தூங்கிவிட்டார், சீட்டைப் பார்த்து மாத்திரை போட்டுவிட்டுத்தான்.

இப்போது ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. ஆப் திறந்திருக்கும்போதே மகள் பட்டியலை மாற்றினால் இங்கே தெரிவதில்லை, மூடித் திறந்தால்தான் தெரிகிறது. ஃப்யூச்சர் ஒரே ஒரு முறைதான் விடை தரும், தொடர்ந்து வருவதற்கு 'ஸ்ட்ரீம்' வேண்டும் என்கிறாள். பரீட்சை முடிந்து செய்வாளாம். பெங்களூரிலும் சென்னையிலும் இந்த வேலையில் இருக்கும் பிள்ளைகள் யாராவது, ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் கீழே சொல்லுங்கள். நம்பரை இன்பாக்ஸில் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்