ராசுவுக்கு ஒரு யூனிட்

சேவூர்ல பூனைக்கு சர்க்கரை வியாதின்னு சொன்னா சிரிக்காத ஆளே கிடையாது. டீக்கடையில ஒருத்தர், "ஜிலேபி வாங்கிக் குடுத்தீங்களா தம்பி?"ன்னு கேட்டே கேட்டுட்டார்.

எங்க ராசுவுக்கு 11 வயசு, 6 கிலோ, குடும்பக் கட்டுப்பாடு பண்ணின ஆம்பளைப் பூனை. வயசான, குண்டான ஆண் பூனைங்களுக்குத்தான் இது அதிகம் வருமாம். பாத்ரூம் பக்கெட்டுல தலையை விட்டு தண்ணி குடிச்சுட்டே இருந்தான். பின்னங்கால் குதியைத் தரையில பதிச்சு, முயல் மாதிரி நடக்க ஆரம்பிச்சான். "மூட்டு வலியாட்ட இருக்குது கண்ணு"ன்னாங்க அம்மா. மூட்டு இல்ல, சர்க்கரை நரம்பைத் தின்னா பூனை அப்படித்தான் நடக்கும்னு டாக்டர் சொன்னார்.

முதல் நாள் டெஸ்ட்ல 380. டாக்டர் உடனே ஊசியை எடுக்கல. பூனை பயந்தாலே சர்க்கரை ஜிவ்வுனு ஏறிடுமாம். கூடையில அடைச்சு, பஸ் ஹாரனுக்கு நடுவுல கொண்டுபோனா நமக்கே ஏறும்! அதனால முந்தின ரெண்டு வாரத்து சராசரியைக் காட்டுற ஃப்ரக்டோசமைன் டெஸ்ட்டும் எடுத்தாங்க. அதுவும் அதிகம். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு கிளார்ஜின் இன்சுலின் எழுதிக் குடுத்தார். "நம்பர் எல்லாம் வீட்டுல எடுத்துட்டு வாங்க, அதுதான் நிஜம்"னார்.

இங்கதான் கொஞ்சம் நிதானமாப் படிக்கணும். எங்கப்பாவும் இன்சுலின் பார்ட்டி. நம்ம ஊர்ல அவர் மாதிரி ஆளுங்க போடுற பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதுக்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். ராசுவோட கிளார்ஜின் ஒரு மில்லிக்கு 100 யூனிட், அதுக்கு ஆரஞ்சு மூடி. ராசு மருந்தை அப்பா சிரிஞ்சுல ஒரு கோடு எடுத்தா உள்ள போறது 1 யூனிட் இல்ல, 2.5 யூனிட். அப்பா உடம்புக்கு ஒன்றரை யூனிட் கூடினா பெரிசா தெரியாது. ராசுவுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அதனால ரெண்டு சிரிஞ்சும் வேற வேற டப்பா, வேற வேற அலமாரி. ராசு டப்பா மேல அம்மா கரியில பூனை படம் வரைஞ்சு வெச்சாங்க. (பார்க்க எலி மாதிரி இருக்கும், சொல்லிடாதீங்க.)

ரத்தம் எடுக்கிறது நினைச்ச அளவு கஷ்டமில்ல. காதை வெதுவெதுப்பான துணியால ரெண்டு நிமிஷம் ஒத்தணும். ஓரமா ஓடுற மெல்லிய நரம்புக்குப் பக்கத்துல ஒரு குத்து, ஒரு சொட்டு, உடனே அவிச்ச கோழித்துண்டு. நாலாம் நாள்ல இருந்து மீட்டர் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டாலே ஓடி வந்துடுவான், கோழிக்காகத்தான். மனுஷங்க மீட்டர் பூனை ரத்தத்துல பெரும்பாலும் குறைச்சுக் காட்டும்னு டாக்டர் சொன்னதால, கடைசி வரைக்கும் ஒரே மீட்டர்தான்.

ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு ஒருக்கா எடுத்தேன்: காலை 7 மணிக்கு 312, அப்புறம் 260, 184, 121, 138, 205, சாயங்காலம் 276. எக்ஸெல்ல போட்டா அழகான பள்ளம். ஊசி வேலை செய்யுது, பள்ளத்தோட அடியும் ஆபத்தான இடத்துக்குப் போகல. இது தெரியாம டோஸை ஏத்தறது லாக் பார்க்காம சர்வர்ல கை வைக்கிற மாதிரி.

பெரிய சண்டை சோத்துலதான். "தயிர்சோறு போடாம என்ன பூனை வளக்கறது?"ன்னு அம்மா ரெண்டு நாள் என்கூட பேசல. பூனை கறி தின்னப் பிறந்த ஜீவன், மாவுச்சத்து அதுக்குத் தேவையே இல்ல. கோழியும் மீனும் மட்டும்னு ஆச்சு.

ஏழாவது வாரம் ஒரு சாயங்காலம், ஊசிக்கு முன்னாடி மீட்டர் 92 காட்டுச்சு. திரும்பக் குத்தினேன், 95. கோழியையும் மோந்து பார்த்துட்டுத் திரும்பிட்டான். டாக்டருக்குப் போன் போட்டேன். "ஊசி வேண்டாம் தம்பி. தள்ளாடினா ஈறுல தேன் தடவிட்டு உடனே கூட்டிட்டு வாங்க"ன்னார். தேன் பாட்டிலைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, ஆபீஸ் கால்ல மியூட்ல உக்காந்து, மணிக்கு ஒருக்கா காதைக் குத்தினேன். 88, 97, 110. பதினோரு மணிக்கு எழுந்து கோழியைத் தின்னுட்டு என் கீபோர்டு மேலயே படுத்துக்கிட்டான்.

அதுக்கப்புறம் டாக்டர் அரை யூனிட் ஆக்கினார், பிறகு நிறுத்திட்டார். சீக்கிரம் ஆரம்பிச்சு, சாப்பாட்டையும் மாத்தினா சில பூனைங்களுக்கு இப்படி இன்சுலினே தேவைப்படாமப் போகும். திரும்பவும் வரலாம். இப்போ மூணு வாரமா ஊசி இல்ல, வாரத்துல ரெண்டு நாள் மட்டும் காதுக்குத்து. நேத்து 104.

அப்பாதான் கடுப்புல இருக்கார். "அவனுக்கு நின்னுருச்சு, எனக்கு ஏன்டா நிக்கல?"

"தயிர்சோறை நிறுத்துங்கப்பா"ன்னேன்.

முறைச்சுட்டு எழுந்து போயிட்டார்.