உளிக்குத் தப்பிய காதுகள்

ரோமானியப் பேரரசர்களின் பளிங்குத் தலைகளைப் படங்களில் காணும்போதெல்லாம் என் கண்கள் முதலில் தேடுவது காதுகளையும் பிடரியையுமே.

கி.பி. 96இல் டொமிஷியன் கொலையுண்டதும் அவன் நினைவையே அழித்துவிட ரோமானிய செனட் ஆணையிட்டது. சிலைகள் பல உடைக்கப்பட்டன. எஞ்சியவற்றுள் சிலவற்றை, அடுத்து அரியணையேறிய முதியவர் நெர்வாவின் முகமாகச் செதுக்கினார்கள். நல்ல பளிங்கை வீணாக்க மனம் வரவில்லை போலும்.

ஆனால் உளியால் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. கன்னத்தைக் குழிக்கலாம், நெற்றியில் சுருக்கம் கீறலாம். முகம் சிறுத்த பின்னும் காதுகள் பெரிதாகவே நிற்கும். பின்தலையில் பழைய முடி எஞ்சியிருக்கும்.

நெர்வா ஆண்டது 16 மாதங்களே. அவருடையவையாக இன்று எஞ்சியிருக்கும் பளிங்குத் தலைகளில் பெரும்பாலானவை டொமிஷியனுடையவையாக இருந்தவைதாம்.

அழித்தெழுதப்படும் வரலாறுகள் குறித்து எனக்குள்ள அச்சத்தைச் சற்றேனும் தணிப்பவை இந்தத் தலைகள். மறக்கும்படி ஆணையிடப்பட்டவனை நெர்வாவே இத்தனை நூற்றாண்டுகளாகச் சுமந்து நிற்கிறார்.