எப்பங்க புகை வருது?

நீலப் புகையோடு ஒரு டர்போ கார் பட்டறைக்குள் நுழைந்தால், கைதேர்ந்த மெக்கானிக் உடனே பானெட்டைத் திறப்பதில்லை. "எப்பங்க புகை வருது?" என்றுதான் முதலில் கேட்கிறார். கார்க்காரர்களில் பலரிடம் இதற்குப் பதில் இருக்காது. அவர்கள் நிறத்தைப் பார்த்து வைத்திருப்பார்கள், பின்னால் வந்தவர் ஹாரன் அடித்ததைச் சொல்வார்கள், நேரத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள். எஞ்சினுக்குள் எது எரிகிறது என்பதை நிறம் காட்டிவிடும். கருப்பு என்றால் டீசல் கூடுதல் அல்லது காற்று குறைவு. நீலம் என்றால் ஆயில். வெள்ளை என்றால் எரியாத டீசலாகவோ கூலன்ட்டாகவோ இருக்கலாம். மூக்கை நீட்டினால் இரண்டும் பிரிந்துவிடும், கூலன்ட் புகையில் ஒரு இனிப்பு வாடை உண்டு. ஆனால் அந்த ஆயில் எந்த வாசல் வழியாக உள்ளே போனது என்று கேட்டால் நிறம் வாய் திறக்காது. கோவை மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டிய பட்டறைகளில் இந்த வேலையைப் பார்த்தபின் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: டர்போ கார் ஆயில் குடிக்கும்போது ஆயில் டர்போ வழியாக வெளியே வந்திருந்தாலும், அதை அங்கே தள்ளியது பல நேரம் வேறொன்றாக இருக்கிறது. அந்த வேறொன்றைத் தேடிக் கண்டுபிடிப்பதே இந்தத் தொழிலின் நுட்பம். அதற்குத்தான் பில்லில் ஒரு வரிகூட இல்லை.

நேரத்தை வைத்து வாசலைப் பிடிப்பதில் கோவை மெக்கானிக்குகளுக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. வண்டியைச் சோதிக்க ஊட்டி மலைப்பாதை பக்கத்திலேயே இருக்கிறது. தெற்கே போனால் 40 கொண்டை ஊசி வளைவுகளோடு வால்பாறைப் பாதை. பெட்ரோல் கார் ஒன்று மலையிலிருந்து ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் கியரிலேயே இறங்கும்போது, த்ராட்டில் மூடியிருப்பதால் சிலிண்டருக்கு மேலே பலத்த உறிஞ்சல் உண்டாகிறது. வால்வு சீல் தளர்ந்திருந்தால் அந்த உறிஞ்சலில் ஆயில் வால்வுத் தண்டு வழியே சொட்டுச் சொட்டாக இறங்கி நிற்கும். அடிவாரத்தில் சமதளம் வந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் ஒரு கொத்துப் புகை கிளம்பி, பிறகு நின்றுவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் புகைந்து அடங்கினாலும் அதே சீலைத்தான் சந்தேகிப்பார்கள். இறக்கத்தில் சாதுவாக இருந்து ஏற்றத்தில் விடாமல் புகைந்தால் பிஸ்டன் ரிங் பக்கம் பார்வை திரும்பும். சிக்னலில் நெடுநேரம் ஐடிலில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது புகை மண்டினால், டர்போவின் வெந்நீர்க்கொப்பரை போலக் கொதிக்கும் பக்கம், அதாவது டர்பைன் பக்கச் சீல் நினைவுக்கு வரும். இந்தப் பாடத்தை அப்படியே டீசலுக்குப் பொருத்தினால் ஏமாற்றம்தான். டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போல த்ராட்டிலால் உண்டாகும் உறிஞ்சல் கிடையாது. மலை இறக்கச் சாட்சியம் அங்கே பாதிக்கு மேல் செல்லாது. பெட்ரோல் விதியை டீசலுக்குப் போட்டு வீணாக ஹெட்டை இறக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்வதைவிட, அவர்களுக்குக் கற்றுத்தரும் நேரம் பட்டறையில் யாருக்குமே இல்லை என்பதைச் சொல்வதுதான் நியாயம்.

டர்போ ஏன் இவ்வளவு எளிதாகப் பழியைச் சுமக்கிறது என்பதை அதன் கட்டமைப்பே விளக்கும். வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே உள்ளே காற்றைத் திணிக்கலாம் என்ற யோசனைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905இல் காப்புரிமை பெற்றார். இன்றைய சிறு கார்களில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளைத் தொடுகிறது. அந்த வேகத்தில் உலோகம் உலோகத்தைத் தொட்டால் அப்போதே முடிந்தது கதை. பெரும்பாலான டர்போக்களில் தண்டும் பேரிங்கும் முடியைவிட மெல்லிய ஆயில் படலத்தில் மிதக்கின்றன. ஒரு பக்கம் பல நூறு டிகிரி வெப்பம் என்பதால், சக்கர ஹப்பில் இருப்பது போன்ற ரப்பர் ஆயில் சீல் அங்கே தாங்காது. பிஸ்டன் ரிங்கின் குட்டித் தம்பி போன்ற உலோக வளையங்கள்தான் இரு முனையிலும் காவல். அவை ஆயிலைத் தடுத்து நிறுத்தும் அணைகள் அல்ல. தண்டின் இரு முனையிலும் உள்ள டர்பைன், கம்ப்ரஸர் சக்கரங்களின் பின்பக்கம் இருக்கும் வாயு அழுத்தம் நடுவே பேரிங் அறைக்குள் இருப்பதைவிட அதிகமாக இருக்கிறவரை, ஆயில் அந்த வளையங்களைத் தாண்டுவதில்லை, அவ்வளவுதான். ஆயில் மேலேயிருந்து ஒல்லியான குழாய் வழியே பம்ப்பின் அழுத்தத்தோடு வருகிறது. திரும்பிப் போகும்போது அதைத் தள்ள எந்தப் பம்ப்பும் இல்லை. நுரைத்துப்போன ஆயில் தன் எடையால் சம்ப்புக்கு இறங்கியாக வேண்டும். அதனால்தான் திரும்பும் குழாய் அத்தனை தடிமனாக, சரிவாக இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் கை கழுவும் தொட்டியின் வடிகாலில் இலைத் துணுக்கு அடைத்துக்கொண்டு, மேலே குழாய் திறந்தே இருந்தால் தரை நனையும். நனைந்த தரையைப் பார்த்துவிட்டு யாரும் தொட்டியை மாற்றச் சொல்வதில்லை. டர்போவில் மட்டும் அதைத்தான் செய்கிறோம்.

அந்த வடிகாலை அடைக்கும் விஷயங்கள் பெரும்பாலும் மலிவானவை, சில சமயம் வெட்கப்பட வைப்பவை. நெடுஞ்சாலையில் விரட்டி வந்த வண்டியைச் சட்டென அணைத்தால் டர்போவின் வயிற்றில் நின்ற ஆயில் கருகிக் கார்பனாகப் படியும். மாற்ற வேண்டிய கிலோமீட்டரைத் தாண்டி ஓட்டிய ஆயில், குழம்பின் அடி போலக் குழாயில் திரளும். எனக்கு மிக வியப்பாக இருந்தது பசை விவகாரம். பட்டறைகளில் 'அனபாண்ட்' என்று பொதுப்பெயராகவே வழங்கும் சிலிகான் பசையை, முந்தைய வேலையில் யாரோ தாராளமாகப் பூசியிருப்பார்கள். இறுக்கும்போது உட்புறம் பிதுங்கிய மணி காய்ந்து, திரும்பும் குழாயின் வாயில் முளையைப் போல நிற்கும். கேஸ்கெட் போட வேண்டிய இடத்தில் பசை தடவியதன் விலை, ஒரு டர்போ. குழாய் சுத்தமாக இருந்தும் ஆயில் இறங்காத கதையும் உண்டு. ரிங் தேய்ந்து எரிவாயு கீழே கசிந்தாலோ, மூச்சு விடும் பிரீதர் குழாய் அடைத்தாலோ கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறும். 'பேக் கம்ப்ரஷன்' என்பது இதற்குப் பட்டறைப் பெயர். கீழேயிருந்து காற்று முட்டும்போது மேலேயிருந்து ஆயில் எப்படி இறங்கும்? டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி, 'இருக்கட்டுமே' என்று ஊற்றிய கூடுதல் ஆயிலும் இதையே செய்யும். மாற்றாத ஏர் ஃபில்டர் இன்னொரு வகை: டர்போ காற்றுக்குத் திணறி இழுக்கும் இழுப்பில், குளிர்ந்த பக்க, அதாவது கம்ப்ரஸர் பக்க வளையத்தைத் தாண்டி ஆயிலும் சேர்ந்தே வரும்.

இவற்றைப் பிரித்தறிய மெக்கானிக்குகள் செய்யும் சோதனைகள் எளிமையானவை. ஆனால் ஒவ்வொன்றும் பாதி உண்மையையே சொல்லும். ஐடிலில் ஆயில் மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைப்பார்கள். மூடி துள்ளினால் பேக் கம்ப்ரஷன். ஆனால் தேய்ந்த டர்போவே தன் வாயுவைத் திரும்பும் குழாய் வழியாகக் கீழே அனுப்பி மூடியைத் துள்ள வைக்கலாம் என்பதால், அனுபவசாலி அந்த ஒரு சாட்சியை வைத்து எஞ்சினை இறக்கமாட்டார். சிலிண்டருக்குள் கம்ப்ரஸர் காற்றை விட்டு, சைலன்சரில், ஏர் ஃபில்டர் வாயில், டிப் ஸ்டிக் குழாயில் என்று காதை வைத்து எங்கே சீறுகிறது என்று கேட்பார். இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஆயில் பசபசக்கும். அதைக் காட்டித்தான் பல டர்போக்கள் விற்கப்படுகின்றன. பிரீதரின் ஆவி டர்போவுக்கு முன்னாலேயே காற்றுப் பாதையில் கலப்பதால், நல்ல காரிலும் அந்த மெல்லிய பூச்சு இருக்கும். குட்டையாகத் தேங்கியிருந்தால்தான் விஷயம். தேங்கியிருப்பது டீசல் காரில் என்றால் அலட்சியம் கூடாது: எஞ்சின் அந்த ஆயிலையே எரிபொருளாகக் குடித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வெறிபிடித்து ஓடக்கூடும். காற்று வழியை அடைத்தோ, பெரிய கியரில் போட்டு அமுக்கியோதான் நிறுத்த வேண்டியிருக்கும். பிறகு தண்டு. திருப்பூர் பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு இரு விரலால் தண்டைப் பிடித்து ஆட்டும் அந்தக் கணம்தான் இந்த வேலையில் நான் ஆசையாகக் கவனிப்பது. பக்கவாட்டில் சற்று ஆடும். ஆயில் படலம் இல்லாத நேரத்தில் அது இயல்பு, புதியவர்கள் அதைப் பார்த்தே பயப்படுவார்கள். முன்னும் பின்னும் விரலுக்கு உணரும்படி அசைந்தால் த்ரஸ்ட் பேரிங் போய்விட்டது. டயல் கேஜ் வைத்தால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே பேசும் அளவு அது. கேஜ் இல்லாத பட்டறைகளில் விரல் பேசுகிறது, பெரும்பாலும் சரியாகவே.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. டாக்ஸி ஓட்டுபவருக்கு வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வருமானம் போச்சு. காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்க அவரிடம் நேரம் இல்லை. டர்போவை முழுசாக மாற்று, வாரண்டி கொடு, அனுப்பு என்பது அவர் கணக்கில் புத்திசாலித்தனம். ஆனால் அடைத்த குழாயின் மேல் உட்காரும் புது டர்போ, பழைய டர்போவின் தலைவிதியையே மாட்டிக்கொள்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே புகையோடு அதே வண்டி திரும்பும். அப்போது சரக்கு மோசம் என்றோ, மாட்டியவன் மோசம் என்றோ சண்டை. மாருதி, டாடா, ஃபியட் என்று பல பெயர்ப் பலகைகளின் கீழ் ஓடிய 1,248 சிசி ஃபியட் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வரும்வரை டாக்ஸி உலகம் அதன் மேல்தான் ஓடியது. அதன் சம்ப்பில் சுமார் 3 லிட்டர் ஆயில்தான் கொள்ளும். ஒரு லிட்டர் காணாமல் போனால் மூன்றில் ஒரு பங்கு ரத்தம் போன மாதிரி. டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தை நம்பியே இருக்கிறது. அங்கே காரணம் தெரியாமல் உதிரியை மாற்றுவது சிக்கனம் ஆகாது. திரும்பும் குழாயைக் கழற்றி, டீசலில் ஊறவைத்து, காற்றடித்து, புது கேஸ்கெட்டோடு மாட்ட அரை நாள் போதும்.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: எதையும் பிரிக்காதே, குறைவதை ஊற்றிக்கொண்டே ஓட்டு. இதை நான் முழுக்கத் தள்ள மாட்டேன். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குறையலாம் என்று சில கார்க் கையேடுகளே எழுதியிருக்கின்றன. இருநூறு மில்லி குடிக்கும் பழைய காருக்கு, டிக்கியில் ஒரு ஆயில் டப்பாவைவிட நல்ல ரிப்பேர் கிடையாது. ஆனால் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். சமதரையில், எஞ்சின் அணைத்து ஆறவிட்டு, கோடு வரை ஊற்றி, ஓட்டி, அதே தரையில் மறுபடி பார்ப்பது. இதைச் செய்யச் சொன்னால் கார்க்காரர்கள் அலுத்துக்கொள்கிறார்கள், 'அப்பப்ப குறையுதுங்க' என்பதையே அளவாகத் தருகிறார்கள். புகையே இல்லாமல் குறைந்தால், ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய ஃப்ளெக்ஸ் பேனரை வெள்ளைப் பக்கம் மேலே இருக்க விரித்து வைத்தால் போதும். டேப்பட் கவரிலிருந்தோ கிராங்க் சீலிலிருந்தோ ஒழுகினால் காலையில் அது காட்டிக்கொடுக்கும்.

ஸ்கேனர் வந்தபின் இந்தக் கைவித்தை எதற்கு என்பதுதான் இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி. ஸ்கேனர் பூஸ்ட் குறைவதைச் சொல்லும், ஏர் சென்சாரின் கணக்கைச் சொல்லும். ஆயில் எந்த வளையத்தைத் தாண்டியது என்று சொல்ல அதனிடம் கண் இல்லை. சொல்லப்போனால் புதிய கார்களில் சாட்சியங்கள் குறைந்திருக்கின்றன. பெட்ரோலில் கேட்டலிடிக் கன்வர்ட்டரும், பிஎஸ்6 டீசலில் துகள் வடிகட்டியும் புகையின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. சைலன்சர் வாய் சுத்தமாக இருக்க, உள்ளே ஆயிலின் சாம்பல் வடிகட்டியில் மெல்ல அடைந்துகொண்டிருக்கும். வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய எஞ்சின் கூடுதலாக டீசல் தெளிக்கும்போது, அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து சம்ப்புக்கும் போகிறது. ஆக, டர்போ ஒரு பக்கம் ஆயிலைக் குடிக்க, டீசல் இன்னொரு பக்கம் நிரப்ப, டிப் ஸ்டிக்கில் அளவு அசையாமல் நிற்கும். கார்க்காரர் நிம்மதியாக இருப்பார். நல்ல பட்டறைகளில் இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்க்கிறார்கள். பிறகு ஒரு சொட்டை நாளிதழ்த் தாளின் ஓரத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். திரும்பி வரும்போது கறுத்த சொட்டைச் சுற்றி வெளிறிய வளையம் அகலமாகப் பரவியிருந்தால், "அளவு சரியாத்தானேங்க இருக்கு" என்பவரிடம் அந்தத் தாளையே நீட்டுகிறார்கள்.